கைபடாத ஆந்தை

தண்ணீருக்கு ஒரு வாரியம், மின்சாரத்துக்கு ஒரு வாரியம் என்று இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்றால் போய்ச் சத்தம் போட ஓர் இடம் வேண்டுமே. செத்துப்போன ஊர்களின் காசுக்கும் ஒரு வாரியம் உண்டு என்பது கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்தாறு வயது வரைக்கும் தெரியாது. தெரியாமலே போயிருந்தால் புண்ணியமாக இருந்திருக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடி கடை வைத்திருப்பவர். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாததற்கு அக்காதான் காரணம் என்று ஊர் சொன்னது. சோம்பேறித்தனம்தான் காரணம் என்று அக்கா சொன்னாள். அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அதன் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் தொலைபேசிப் பலகை முன்னால் முப்பது வருஷம் உட்கார்ந்து, ஊரில் இருக்கிற எல்லா டாக்டரையும் குரலை வைத்தே அடையாளம் சொல்லும் அளவுக்குத் தேறி, ஓய்வும் பெற்றுவிட்டாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன் வீட்டில் ஒருத்திக்குக் கண்ணாடியே உதவாது. இதைச் சொல்லி முதலில் சிரிப்பவளும் அக்காதான்.

பழங்காசுப் பைத்தியம் இவர்களுக்குப் பிடித்தது ஒரு விபத்தால். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் பழங்காசு வியாபாரி ஒருவன் காது உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தான். தெருவில் அவனுக்குச் சில்லறை என்று பெயர். கண்ணாடி தயாராகும் வரை கையில் இருந்த கிரேக்க வெள்ளிக்காசு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்ப் புகைத்துக்கொண்டிருந்தான். அக்கா கையால் துழாவிக்கொண்டு வந்தவள் அதை எடுத்தாள், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள்.

"யாருடா ஆமையை மேஜையில விட்டுட்டுப் போனது?"

நம் காலத்துக் காசெல்லாம் வழுக்கை. தலைவர் முகமும் தட்டை, எண்ணும் தட்டை. கிரேக்கர்கள் அடித்த வெள்ளி அப்படியில்லை. மூக்கு என்றால் மூக்கு எழும்பி நிற்கும், ஆமை என்றால் முதுகு மேடாக இருக்கும். கண்ணில்லாதவளுக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கு ஆரம்பித்து ஆமை, நண்டு, றெக்கை முளைத்த குதிரை, தானியக் கதிர், ரோஜா, கழுகு, கேடயம், சுற்றிலும் மீன் துள்ளும் ஒரு பெண் என்று எட்டுக் காசு சேர்ந்துவிட்டது. பிஸ்கட் டப்பாவில் பஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். காலையில் டீ குடித்தவுடன் அக்கா டப்பாவைத் திறப்பாள், கைக்கு வந்ததை எடுப்பாள், விரலால் பார்ப்பாள், பெயரைச் சொல்வாள். தம்பி "சரி" என்பார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

ஒன்பதாவதாக அவள் ஆசைப்பட்டது ஏதென்ஸ் நகரத்து ஆந்தை. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட தேவதை, மறுபக்கம் நேராக நம்மை முறைக்கும் ஆந்தை. அதன் கழுத்துக்குப் பின்னால் பாதி அரிசி அளவில் ஒரு பிறை இருக்கும் என்று சில்லறை என்றைக்கோ சொல்லி வைத்திருந்தான். அந்தப் பிறையைத் தன் விரல் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் பாக்கி.

அதற்குள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லிவிட்டார்.

"சர்க்கரை நரம்பைத் தின்னுக்கிட்டு இருக்கும்மா. பாதம் போயிடுச்சு. இடது கை பாதி போயிடுச்சு. வலது கட்டைவிரல் இன்னும் ஒரு வருஷம் தாங்கினா அதிர்ஷ்டம்தான்."

வீடு திரும்பிப் படியேறும்போது அக்கா சொன்னாள்: "கண்ணு போனப்ப விரல் இருந்துச்சு. விரலும் போனா காது ஒண்ணுதான்டா மிச்சம். காசு பேசுமா என்ன?"

கண்ணாடிக்காரர் மறுநாளே சில்லறையைத் தேடிப் போனார். நாலு மாதம் அலைந்து அவன் ஒரு ஆந்தையைப் பிடித்துக்கொண்டு வந்தான். தடித்த, கனமான, இரண்டாயிரத்து நானூறு வருஷம் மண்ணில் கிடந்தும் கண்ணை மூடாத ஆந்தை. சேமிப்பு மொத்தமும் அதற்குப் போனது. போகட்டும், அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கவலைப்படவில்லை.

சிக்கல் என்னவென்றால், முதல் எட்டுக் காசு வாங்கியபோது பிறக்காத வாரியம் இப்போது பிறந்து நடை பழகியிருந்தது. தொன்மை நாணய மெய்மை மற்றும் பாதுகாப்பு வாரியம். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட காசை விற்றால், விற்றவன் மறுநாள் மாலைக்குள் அதை வாரியத்தில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அது அசலா என்று பார்த்து, தெளிவான கெட்டிப் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டி, மேலே மதிப்பெண் எழுதி, முப்பது நாளில் வாங்கியவருக்கு அனுப்பும். பெட்டியை உடைத்தால் சான்றிதழ் செத்துவிடும். காசில் புதிதாக விரல் பட்ட தடம் தெரிந்தால் பறிமுதல்.

"அண்ணே, நாளைக்கு சாயங்காலம்தானே ஒப்படைக்கணும்," என்றான் சில்லறை, காசைத் துணியில் பொதிந்து நீட்டியபடி. "இன்னிக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அக்கா ஒரு தடவ தடவிப் பாக்கட்டும். காலையில நான் வந்து வாங்கிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது."

வாரியத்தின் துண்டுப் பிரசுரத்தை வரி விடாமல் படித்திருந்த கண்ணாடிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் சிவப்பு விளக்கில் நின்றவர், பூங்காவில் புல்லை மிதிக்காதவர். "வேணாம்ப்பா. தடம் தெரிஞ்சா பறிமுதல்னு போட்டிருக்கு. முறையா வரட்டும். முப்பது நாள்தானே."

இந்தக் கதையில் நடந்த ஒரே பெரிய தப்பு இதுதான். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தவை.

வாரியக் கட்டடம் புதுசு. வாசலில் பித்தளை எழுத்தில் 'கை படாதது, கறை படாதது' என்று பொறித்திருந்தார்கள். அந்தப் பித்தளையையும் யாரும் தொடக்கூடாது என்பதால் களிம்பு ஏறிக் கிடந்தது. காத்திருக்கும் கூடத்தில் நாற்பது நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கக் காசுகளின் படம். சீட்டு வாங்கி, எண் கூப்பிட்டு, மூன்றாம் எண் சன்னல் முன்னால் அக்காவும் தம்பியும் போய் நின்றார்கள். காசைச் சில்லறை ஒப்படைத்தாயிற்று; அக்காவின் பெயரில் வாங்கியதால் அவளும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்லவள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறந்துவிடும்.

"இந்த உறுதிமொழியில கையெழுத்து போடணும்மா. 'பொருளை நான் நேரில் கண்ணால் கண்டு திருப்தி அடைந்தேன்.'"

"எனக்குக் கண்ணு தெரியாதே," என்றாள் அக்கா.

சன்னல் அம்மாள் உறுதிமொழியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி உறுதிமொழியைப் பார்த்தாள். உறுதிமொழியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. "அப்படின்னா பார்வைப் பிரதிநிதி ஒருத்தரை நியமிக்கணும். படிவம் ஏழு. உங்களுக்குப் பதிலா அவர் பாத்து, நீங்க பாத்ததா எழுதித் தருவார்."

"என் தம்பி பாப்பான்."

"ரத்த சொந்தம் கூடாது. உங்களுக்குச் சாதகமா பாத்துடுவாங்க."

கடைசியில் கூடத்தில் காத்திருந்த ஒரு பல் டாக்டர் இரக்கப்பட்டு அக்காவுக்குப் பதிலாகப் பார்த்தார். அக்கா வரி கோணாமல் இருக்க அளவுகோலை வைத்துக்கொண்டு அழகாகக் கையெழுத்துப் போடுவாள். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் அந்தக் கையெழுத்துதான் செல்லுபடியானது. சன்னல் அம்மாள் அதையும் திருப்பித் தந்தாள்.

"எதுல போடுறோம்னு பாக்காம போட்ட கையெழுத்து செல்லாதும்மா. கைநாட்டு வைங்க."

"கைநாட்டையும் பாக்காமத்தான் வைக்கப்போறேன்."

"கைநாட்டுக்குப் பாக்கணும்னு விதி இல்லையே."

அன்றைக்கு அக்காவின் வலது கட்டைவிரல் பதினோரு காகிதத்தில் பதிந்தது. "பாருடா, இவங்களும் என் கட்டைவிரலைத்தான் நம்புறாங்க," என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

முப்பது நாள் முடிந்து, முப்பத்தொன்றாம் நாள் கடிதம் வந்தது. காசு அல்ல, கடிதம். உடைமைத் தொடர் பட்டியல் இணைக்கப்படவில்லை, அதாவது காசு அச்சடிக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை அதை வைத்திருந்த அனைவரின் பெயரும் முகவரியும் தேவை. அதற்கென்று படிவத்தில் ஆறு வரி விட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் சன்னலுக்கு ஓடினார்.

"இரண்டாயிரத்து நானூறு வருஷம்மா."

"இடம் பத்தலைன்னா தனித்தாள் இணைக்கலாம் சார்."

"யார் யார் வெச்சிருந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னே எழுதலாம். விதியில இடம் இருக்கு. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும்."

அவர் ஆறு வரியிலும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. தெரியாதவர்களின் முகவரிப் பகுதி நிரப்பப்படவில்லை. அதிலும் தெரியாது என்று எழுதினார். மறுபடி திரும்பி வந்தது. மண்ணுக்குள் கிடந்த காலத்துக்கு மண்ணின் உரிமையாளரிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வேண்டுமாம். அந்த வாரியத்தில் ஆந்தை ஒன்று உள்ளே இருந்தது, ஒன்று வெளியே நின்று முழித்தது. உள்ளே இருப்பது எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாலாம் மாதம் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே முத்திரை பதித்த சான்றிதழ். கண்ணாடிக்காரர் படியை இரண்டிரண்டாகத் தாவி மேலே ஏறினார். அந்த வயதில் அது ஆபத்து. "அக்கா, வந்துடுச்சு," என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். பதினோரு நிபுணர்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒருமனதாக முடிவு செய்ததாவது, காசை எடுத்த புகைப்படம் அசல் புகைப்படமே. நிபுணர்கள் காசைப் பார்ப்பதில்லை, கூர்ந்து பார்த்தால் மூச்சுக்காற்று படும். அவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். படம் அசல் என்று தெரிந்த பிறகுதான் படத்தில் இருப்பது அசலா என்ற கேள்விக்குள் போக முடியும். அதற்கு வேறு குழு.

அக்கா சான்றிதழைக் கையில் வாங்கித் தடவினாள். முத்திரை மேடாக இருந்தது. "இது நல்லா எழும்பி இருக்குடா," என்றாள்.

அந்த வாரம்தான் அவள் கெட்டிலைப் பிடியில்லாத பக்கம் தொட்டு நின்றுகொண்டிருந்தாள். தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது. இடது கை. கண்ணாடிக்காரர் மருந்து போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதார். அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முப்பது வருஷம் குரலை வைத்தே ஊரை அளந்தவளுக்கு அதுவா கேட்காது?

கண்ணாடிக்காரர் டாக்டரின் கடிதத்தோடு அவசர மனு போடப் போனார்.

"அவசர மனுவுக்கு வரிசை கொஞ்சம் நீளம் சார்," என்றாள் சன்னல் அம்மாள். "எல்லாருமே அவசரம்னு போட்டுடுறாங்க. அவசரம் உண்மையான்னு பாக்க ஒரு உபகுழு இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ கூடும்."

"என்னென்ன காரணத்துக்கு அவசரம் குடுப்பாங்க?"

அவள் ஒரு பட்டியலை எடுத்துப் படித்தாள். "தீ விபத்து, வெள்ளம், மனுதாரர் இறப்பு."

"இறப்பா?"

"ஆமா சார். இறந்தவங்களுக்கு முன்னுரிமை உண்டு. இறப்புச் சான்றிதழ் இணைச்சா பத்து நாள்ல குடுத்துடுவோம்." சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தாழ்த்தினாள். "விரல் மரத்துப்போறதுன்னு தலைப்பு எதுவும் இல்ல சார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பதினெட்டு மாசமா இங்க வேலை பாக்குறேன், நானே ஒரு காசைக்கூட நேர்ல பாத்ததில்ல."

ஏழாம் மாதம் பார்வை நாள் வந்தது. பரிசீலனையில் இருக்கும் காசுகளை உரிமையாளர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளலாம். அழைப்பு அக்கா பெயருக்கு வந்திருந்தது. 'தங்கள் பொருளைத் தாங்களே கண்ணாரக் கண்டு மகிழ' என்று போட்டிருந்தார்கள். அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, வலது கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினார்.

வாரியத் தலைவர் முதலில் பேசினார். இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை, பேச்சு முழுக்கக் கழற்றவில்லை.

"அன்பர்களே, கிரேக்கர்கள் பெரிய கலைஞர்கள். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்க செஞ்ச ஒரே தப்பு, அடிச்ச காசைச் செலவு பண்ணினது. சந்தைக்கு எடுத்துட்டுப் போனாங்க, மீன் வாங்கினாங்க, கூலி குடுத்தாங்க. கை மாறிக் கை மாறி மூக்கெல்லாம் தேய்ஞ்சுபோச்சு. அன்னிக்கே இப்படி ஒரு வாரியம் இருந்திருந்தா ஒரு காசுகூட வெளிய போயிருக்காது. எல்லாம் புத்தம் புதுசா நம்மகிட்ட வந்து சேந்திருக்கும். எங்ககிட்ட சில பேர் கேக்குறாங்க, எப்ப திருப்பிக் குடுப்பீங்கன்னு. நான் கேக்குறேன், இங்க இருக்குறதவிட வேற எங்க பத்திரமா இருக்கும்? முப்பத்தொரு வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன். இன்னி வரைக்கும் ஒரு பழங்காசு மேல என் விரல் பட்டதில்ல. பெருமையாச் சொல்றேன்."

கைதட்டினார்கள். கையுறை போட்டவர்கள் தட்டியதால் சத்தம் வரவில்லை.

பிறகு வரிசை. கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால் கண்ணாடிப் பேழை, பேழைக்குள் வெல்வெட், வெல்வெட்டில் ஆந்தை. விளக்கு வெளிச்சத்தில் அதன் இரண்டு கண்ணும் உருண்டு நின்றன. கழுத்துக்குப் பின்னால் பிறை. கண்ணாடிக்காரருக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் கண் நல்ல கண். அக்கா கயிற்றில் இடித்து நின்றாள்.

"இதுக்கு மேல போக முடியாதாடா?"

"முடியாதுக்கா."

அவள் வலது கை லேசாக எழும்பியது. பக்கத்தில் நின்ற ஊழியர் "அம்மா, கை உள்ள," என்றார். கை இறங்கிவிட்டது. ஊழியர் பதிவேட்டைத் திறந்து பேனாவோடு கேட்டார். "நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றாள் அக்கா. "அழகா இருக்கு."

அவர் 'திருப்தி' என்று எழுதிக்கொண்டார். அதற்கும் ஒரு கைநாட்டு வாங்கினார்.

பேருந்தில் வரும்போது அக்கா கேட்டாள். "எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

"நாலு முழம் இருக்கும்."

"நாலு முழமா." கட்டைவிரலால் கைப்பையின் பித்தளைப் பூட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். "இதுல ஒரு கீறல் இருக்குடா. இன்னும் தெரியுது எனக்கு. இன்னிக்குத் தெரியுது."

சில்லறை காசை நீட்டியதை, தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதை, அந்த நிமிஷமே சொல்லிவிடலாம் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. இறங்கும் இடம் வந்துவிட்டது, இறங்கிவிட்டார்கள்.

பிறகு வீட்டில் காலை நேரம் மாறிப்போனது. அக்கா காசை எடுத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு நொடி, அப்புறம் ஒரு நிமிஷம். ஒருநாள் திடீரென்று பழையபடி டக் டக்கென்று சொன்னாள். ஆமை, நண்டு, குதிரை. கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருந்து கேட்கிறது என்று டாக்டரிடமே போய்ச் சொன்னார். டாக்டர் அவர் முதுகில் தட்டி அனுப்பினார். பத்தாம் மாதம் ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று டப்பாவைக் கொட்டி, காசுகளைத் துடைத்துக் கண்டபடி அடுக்கி வைத்தார். மறுநாள் காலையில் அக்கா மூன்றாவது காசை எடுத்து, நிதானமாகத் தடவி, "குதிரை. றெக்கை நல்லா விரிஞ்சிருக்கு," என்றாள்.

அவள் கையில் இருந்தது நண்டு.

கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரிக்கா," என்றார். அன்றிலிருந்து டப்பாவில் எந்தக் காசு முன்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். ஒரு நாளும் மாற்றவில்லை.

பதினாலாம் மாதம், மற்றக் குழுக்களும் கூடி முடித்த பிறகு, ஆந்தை வந்தது. இரண்டு ஊழியர்கள் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தூக்க மாட்டாமல் தூக்குகிறவர்கள்போல் கொண்டுவந்து வைத்தார்கள். ஒப்புகைச் சீட்டில் கைநாட்டு வைத்து வாரியத்துக்குத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே கெட்டிப் பெட்டி. பெட்டிக்குள் காசு. மேலே சீட்டு: வடிவம் ஐந்துக்கு நான்கு, அச்சு ஐந்துக்கு நான்கு, கைபடாத் தன்மை ஐந்துக்கு ஐந்து.

"பெட்டி எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

"கண்ணாடி மாதிரி."

"அப்ப உனக்கு உடைக்கத் தெரியும்."

கண்ணாடிக்காரர் கீழே போய் லென்ஸ் வெட்டும் குறடு ஒன்றை எடுத்து வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்க முத்திரை ஒட்டிய ஒன்றின் மேல் கை வைத்தார். ஓரத்தைப் பிடித்து அழுத்தினார், சடக்கென்று விட்டது. சான்றிதழ் செத்தது. அவருக்கு அதைப் பற்றித் துளியும் வருத்தமில்லை. இதைப் பதினாலு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும் என்பதுதான் வருத்தம்.

காசை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் கனத்தைப் பார்த்தாள். "ம். நல்ல கனம்." இரண்டு தடவை உள்ளங்கைக்குள் உருட்டினாள், பிறகு விரல்களுக்கு நடுவில் நிறுத்தி, வலது கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஜன்னல் வெளிச்சம் காசின் மேல் விழுந்தது.

"ஆந்தைடா," என்றாள். முகம் மலர்ந்திருந்தது. "கண்ணு ரெண்டும் எப்படி முழிச்சுக்கிட்டு இருக்கு பாரு. உன்னை மாதிரியே."

அவள் விரலுக்கடியில் இருந்தது தேவதையின் கன்னம். ஆந்தை மறுபக்கம் இருந்தது.

"ஆமாக்கா," என்றார் கண்ணாடிக்காரர்.

"பிறையும் இருக்கு. இதோ, இங்க. சில்லறை சொன்ன மாதிரியே பாதி அரிசி."

"ஆமாக்கா. அங்கதான் இருக்கு."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதினாலு மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கொட்டிவிட்டார். "அக்கா, வாங்கின அன்னிக்கே இதை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கலாம். ஒரு நாள் வெச்சிக்கோங்கன்னு சில்லறை குடுத்தான். நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். முறையா வரட்டும்னு சொல்லிட்டேன்."

"தெரியும்டா," என்றாள் அக்கா. "அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டான்."

"நீ ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ சாப்பிடாம கிடப்ப. விடு." காசை டப்பாவுக்குள் வைத்தாள். எட்டுக்கும் அடுத்து, கடைசி இடத்தில். "அந்த ஒப்புகைச் சீட்டை எடு. இல்லேன்னா அதுக்கு நாலு கடிதம் போடுவாங்க. என்ன எழுதியிருக்கு, படி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். "'மேற்படி பொருளை என் விரல் உட்பட எவருடைய விரலும் இந்நாள் வரை தொடவில்லை என்று உளமார உறுதி கூறுகிறேன்.'" சீட்டைக் கீழே வைத்தார். "இதுல எப்படிக்கா கைநாட்டு வைப்ப? பெட்டியை உடைச்சுட்டோமே. தொட்டுட்டியே."

அக்கா கையை நீட்டினாள். மை டப்பா எங்கே இருக்கிறது என்று விரல் துழாவியது, டப்பாவின் மேலேயே பட்டும் அதைத் தாண்டிப் போயிற்று. தம்பி அவள் விரலைப் பிடித்து மையில் வைத்தார்.

"நான் எங்கடா தொட்டேன்," என்றாள் அவள்.

ரேகை ஒன்றுவிடாமல் தெளிவாக விழுந்தது. பதினாலு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து போனவற்றில் வாரியம் திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொண்ட ஒரே காகிதம் அதுதான்.